ஐந்தரை மணிப் பசி

காலை ஏழு மணிக்கு அரிசி, பாசிப்பருப்பு, பூசணித் துண்டுகள், ஒரு கேரட், சிட்டிகை மஞ்சள், தண்ணீர். மூடியைப் போட்டு ஸ்லோ குக்கரின் குமிழை 'லோ'வில் திருப்பிவிட்டால் என் சமையல் முடிந்தது. வைட்ஃபீல்ட் நெரிசலைத் தாண்டி இரவு ஏழரைக்குக் கதவைத் திறக்கும்போது வீடு முழுக்க வெந்த பருப்பின் வாசனை நிற்கும். யாரோ எனக்காக வீட்டிலேயே இருந்து சமைத்து வைத்ததுபோல் தோன்றும். நானும் கணவரும் ஈரோட்டிலிருந்து வேலைக்காக வந்தவர்கள். பெங்களூரில் உதவிக்கு வேறு ஆள் கிடையாது. அந்தக் குக்கரின் பீங்கான் பானையைத்தான் நம்பியிருந்தேன்.

மகளுக்கு அப்போது ஒன்றே முக்கால் வயது. அவள் அதைத் தொடவே மாட்டாள். நெய் விட்டுப் பார்த்தேன், தயிர் கலந்து பார்த்தேன், கோழி போட்டு வேகவைத்தும் பார்த்தேன். இரண்டு வாய்க்கு மேல் போகாது. உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பன்னிரண்டு மணி நேரம் வெந்து குழைந்த சோற்றைக் குப்பையில் வழித்துப் போடும்போது எனக்கு அழுகை வரும். பகல் முழுக்க அவளைப் பிரிந்திருக்கும் நான் என் கையால் கொடுக்கிற ஒரே வேளை அது. சோற்றையல்ல, என்னையே வேண்டாம் என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் அவள் சட்டையைக் கழற்றும்போது கழுத்தோரத்தில் பழுப்பாக ஏதோ காய்ந்திருந்தது. முகர்ந்து பார்த்தேன். கேழ்வரகு.

பகலில் அவளை விட்டிருந்த கிரெஷ்ஷில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். ஒரே வாக்கியத்தில் தமிழும் கன்னடமும் வரும். மறுநாள் கேட்டதும் அவர் ஒளிக்கவில்லை.

"என் டப்பால இருந்து ரெண்டு வாய் களி குடுத்தேன் மேடம். பாப்பா வந்து வாயத் தொறந்துட்டு நிக்குது, சும்னே பாத்துட்டு இருக்க முடியுமா?" என்று சிரித்தார்.

"பரவாயில்லக்கா" என்று நானும் சிரித்தேன். பிறகு அலுவலகத்துக்குப் போய் கிரெஷ் மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். வெளியுணவு, சுகாதாரம், ஒவ்வாமை என்று எல்லாம் முறையாக இருந்தது. என் மகள் இன்னொருத்தி கையால் வாய் திறந்து வாங்கிச் சாப்பிடுகிறாள் என்பதுதான் என்னைச் சுட்டது. அதை மட்டும் எழுதவில்லை.

திங்கட்கிழமை அக்கா அங்கே இல்லை.

இனி வீட்டில் நன்றாகச் சாப்பிடுவாள் என்று எதிர்பார்த்தேன். மாறாக, வழி நெடுக அழுதுவிட்டு, நான் பானையின் மூடியைத் திறப்பதற்குள் சோபாவில் தூங்கிப்போனாள். மூன்றாம் நாள், புதிதாக வந்திருந்த பெண் சொன்னாள்: "அஞ்சரைக்கே பசில அழ ஆரம்பிச்சிடறா மேடம். நாலு மணி பிஸ்கட்டுக்கு அப்புறம் நாங்க எதுவும் குடுக்கக் கூடாது. அப்படிக் குடுத்ததுக்குத்தான் முன்ன இருந்தவங்கள அனுப்பிட்டாங்க."

அவளைக் கூட்டிப்போக நான் வருவதே ஏழு மணிக்கு. என் சாப்பாடு ஏழரைக்குத் தயாராக இருந்தது. அவள் பசி ஐந்தரைக்கே வந்துவிட்டது. அந்த இரண்டு மணி நேரத்தை அக்கா தன் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்து நிரப்பியிருக்கிறார்.

மேலாளரிடம் போய், அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றேன். எழுத்தில் வந்த புகார், இனி முடியாது என்றார். அக்காவின் கைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு அலுவலக மாடிப்படியில் நின்று அழைத்தேன். என் குரலைக் கேட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பாப்பாக்கு ஊட்டா ஆச்சா மேடம்?"

சாப்பிட்டாள் என்று பொய் சொன்னேன்.

"யாரோ ஒரு அம்மா கம்ப்ளைன்ட் குடுத்துட்டாங்களாம். பேரு சொல்லல. பரவால்ல விடுங்க. நீங்க ஒருத்தர்தான் போன் பண்ணி விசாரிச்சீங்க."

அது நான்தான் என்று சொல்லத்தான் அழைத்திருந்தேன். அவருக்கு உண்மையிலேயே தெரியாதா, தெரிந்தும் நான் தப்பிக்க ஒரு வழி விட்டாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். பிறகு அந்த எண்ணை நான் அழைக்கவே இல்லை.

அதன்பின் படுக்கப்போகும் முன்பே ஸ்லோ குக்கரைப் போட்டுவிட்டு, காலையில் சூடாகத் தெர்மாஸ் குடுவையில் நிரப்பி, ஐந்தரைக்கு ஊட்டும்படி எழுதிக் கொடுத்து அனுப்பினேன். வீட்டிலிருந்து வந்த சாப்பாடு என்பதால் கிரெஷ்ஷில் மறுக்கவில்லை. அதே பருப்புச் சோறுதான். மகள் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். ஒருமுறை அக்காவிடமே உட்கார்ந்து பேசியிருந்தால் ஒரே நாளில் தீர்ந்திருக்கும்.

மகளுக்கு இப்போது ஆறு வயது. போன வாரம் என் கைபேசியில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டு வந்தவள் ஒன்றில் நின்றாள். கிரெஷ்ஷில் எடுத்தது. இவள் வாயைத் திறந்தபடி இருக்கிறாள். ஓரத்தில் பச்சை வளையல் போட்ட ஒரு கை மட்டும் தெரிகிறது.

"அம்மா, இது யாரோட கை?"

"உனக்குச் சாப்பாடு ஊட்டிவிட்ட அக்கா."

"இப்ப எங்க அவங்க?"

"வேற வேலைக்குப் போய்ட்டாங்க" என்றேன்.