சொல்லிவிட்டுத் தொடு

வாயில் ஊறிய ரத்தத்தை வாஷ்பேசினில் துப்பிவிட்டு, பல் ஏதும் ஆடுகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள் ஊமைச்சி. பல் தப்பித்தது. கீழுதடுதான் கிழிந்திருந்தது. இது புருஷன் கொடுத்ததல்ல. அவனுடைய கை எங்கே, எந்தப் பக்கமாக விழும் என்பது அவளுக்கு அத்துப்படி. இது கால். முதியோர் இல்லத்தின் கடைசிக் கட்டிலில் படுத்திருக்கும் கப்பல்காரரின் கால்.

ஊமைச்சி என்ற பேர் மட்டும் புருஷன் கொடுத்தது. எவ்வளவு அடித்தாலும் அவள் சத்தம் போடமாட்டாள். அதனால் அந்தப் பேர். அவன் வெல்டிங் பட்டறையில் வேலை பார்ப்பவன், கை இரும்பாக இருக்கும். அவளுடைய இடது காது பாதி கேட்காது. தோள்பட்டை எலும்பு ஒருமுறை உடைந்து, கட்டுப் போடாமலே கோணலாகக் கூடிவிட்டது. முழங்கையில் சூடு வைத்த தழும்பு ஒன்று. இதையெல்லாம் அவள் யாரிடமும் சொன்னதில்லை, மகளிடம்கூட.

மகளைக் கட்டிக் கொடுத்த கையோடு இந்த இல்லத்தில் தரை துடைக்கச் சேர்ந்தாள். அடுத்து நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி. செய்முறைப் பரீட்சையில் தேறினால் வேலை நிரந்தரம். பின்கட்டில் தங்க ஓர் அறையும் உண்டு. அந்த அறையை ஒருநாள் பெருக்கியபோது, கதவில் உட்பக்கம் தாழ்ப்பாள் இருப்பதைப் பார்த்தாள். போட்டு எடுத்தாள். மறுபடி போட்டு எடுத்தாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

ஆங்கிலம்தான் தொல்லை. இல்லத்தில் இருப்பவர்கள் பல பாஷைக்காரர்கள். எல்லோருக்கும் பொதுவானது ஆங்கிலம். சொல்லாமல் யார் உடம்பையும் தொடக்கூடாது என்பது அங்கே சட்டம். தொடும் முன்பு, செய்யப் போவதைச் சொல்ல வேண்டும். செய்யும்போது, செய்வதைச் சொல்ல வேண்டும். முடிந்ததும், முடிந்தது என்று சொல்ல வேண்டும்.

"அவர்கிட்ட என்னக்கா சொன்னீங்க?" என்று பஞ்சை அவள் உதட்டில் அழுத்தியபடி கேட்டாள் பயிற்சி கொடுக்கும் டீச்சர். ஊமைச்சியின் மகளைவிடச் சின்னவள். குட்டி டீச்சர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

"'ஐ ஹேவ் டர்ன்டு யூ'ன்னேன், டீச்சர்."

"எப்போ?"

"திருப்புறதுக்கு முன்னாடி."

குட்டி டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டாள். "திருப்பியாச்சுன்னு சொல்லிட்டீங்க. அவரும் அப்பாடான்னு உடம்பைத் தளர்த்தியிருப்பார். அதுக்கப்புறம் போய் இடுப்பைப் பிடிச்சா? கண்ணு வேற தெரியாது. யாரோ தூக்கிக் கடல்ல போடுறாங்கன்னு நினைச்சிருப்பார். உதைக்காம, கொஞ்சவா செய்வார்?"

"மூணும் ஒரே மாதிரிதான் கேக்குது."

"பண்ணப் போறேன், பண்றேன், பண்ணிட்டேன். நம்ம பாஷையில மாத்திச் சொல்வீங்களா? இதுல ஒன்னு மாறினாலும் அடி விழும்க்கா. மார்க்கு போறதெல்லாம் அப்புறம்."

அன்றிலிருந்து ஊமைச்சி வீட்டில் வாய் திறந்தாள். வெங்காயத்திடம் 'ஐ ஆம் கோயிங் டு கட் யூ' என்றாள். கத்தி இறங்கும்போது 'ஐ ஆம் கட்டிங் யூ'. நறுக்கியதை வழித்துப் போட்டுவிட்டு 'ஐ ஹேவ் கட் யூ'.

"யார்கிட்டடீ பேசுறே? வெங்காயத்துக்கிட்டயா?" என்று சிரித்தான் வெல்டர். சிரித்துக்கொண்டே அவள் பின்மண்டையைப் பிடித்து அலமாரிக் கதவில் மோதினான். கண்ணாடி நொறுங்கியது. நெற்றியில் குத்திய சில்லைப் பிடுங்கும்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. இந்த ஆள் ஒருநாளும் சொல்லிவிட்டுக் கை வைத்ததில்லை. வாயில் சோறு இருக்கும்போது அடிப்பான். முதுகைக் காட்டி நிற்கும்போது அடிப்பான். முடிந்துவிட்டது என்று அவள் எழுந்திருக்கும்போது இன்னொன்று வைப்பான். கண் தெரியாத கப்பல்காரர் ஒரே ஒருநாள் பட்டது இந்தப் பயம்தான். அவள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்கப் பட்டிருக்கிறாள்.

பரீட்சையன்று காலை அவள் சீருடையோடு வெளியே வந்தபோது அவன் வாசலை மறித்து நின்றான்.

"எங்கே கிளம்பிட்டே?"

"பரீட்சைக்கு."

"பரீட்சை எழுதுற மூஞ்சியப் பாரு!"

கொண்டையோடு சேர்த்து முடியைப் பிடித்தான். நோயாளி முடியைப் பிடித்தால் என்ன செய்வது என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இழுக்கக்கூடாது. அவர் கையை நம் இரண்டு கையாலும் தலையோடு சேர்த்து அழுத்திக்கொண்டு முன்பக்கம் குனிய வேண்டும். மணிக்கட்டு வலிக்கும், பிடி தளரும். தளர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

"ஐ ஆம் கோயிங் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்" என்றாள். யோசித்துச் சொன்னதல்ல, பழக்கம்.

"அடேங்கப்பா, துரைசானி வந்துட்டாங்க!" கேட்கிற காதில் ஓங்கி ஓர் அறை விட்டான்.

"ஐ ஆம் ஹோல்டிங் யுவர் ஹேண்ட்" என்று முடியைப் பிடித்த கையை இரண்டு கையாலும் தலையோடு அழுத்தினாள்.

வயிற்றில் முட்டியால் இடித்தான். அவள் குனிந்தாள். அவன் மணிக்கட்டு பின்பக்கமாக மடங்கியது, சிரிப்பு நின்றது, பிடி தளர்ந்தது. வகுப்பில் பாடம் அதோடு முடியும். அவள் நிறுத்தவில்லை. கப்பல்காரரைப் புரட்டுகிற பலம் முழுவதையும் போட்டு இன்னும் குனிந்தாள். கேரட்டை ஒடித்த மாதிரி கேட்டது. வெல்டர் தரையில் உட்கார்ந்து அலறினான்.

மூன்றாவது வாக்கியத்தைச் சொல்ல அவளுக்கு மூச்சு வரவில்லை. செய்தித்தாளைக் கெட்டியாகச் சுருட்டி, கைக்கு அண்டை கொடுத்து, துண்டால் கட்டினாள். சோப்பைத் தடவி அவன் மோதிரத்தை உருவினாள்.

"வீங்கிடும். அப்புறம் விரலோடதான் வெட்டணும். ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போங்க. எனக்கு நேரமாச்சு."

பரீட்சையில் அவளுக்கு விழுந்தது கப்பல்காரர்தான். முதல் வாக்கியத்தைச் சொன்னாள். அவர் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். திரும்பவும் அதையே சொன்னாள். இரண்டாவது வாக்கியத்தில் அவரை ஒருக்களித்துத் திருப்பினாள். மூன்றாவதில் பிடியை விட்டார். பரீட்சை அதிகாரி அவளுடைய நெற்றியையும் காதையும் பார்த்தார். பிறகு, "பாஸ். ரூம் சாவியை ஆபீஸ்ல வாங்கிக்கோங்க" என்றார்.

சாயங்காலம் துணிமணி எடுக்க வீட்டுக்குப் போனாள். வெல்டர் மாவுக்கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றான்.

"என்ன... என்ன பண்ணப் போறே?"

"நகம் பாக்கப் போறேன்."

கட்டுக்கு வெளியே நீட்டிய விரலைத் தொட்டாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். "பாக்குறேன்" என்று நகத்தை அழுத்தி விட்டாள். வெளுத்தது, உடனே சிவந்தது.

"பாத்தாச்சு. ரத்தம் நல்லா ஓடுது. விரல் நீலமா மாறினா உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

பையில் துணியை அடைத்தாள். அவள் கை போகிற இடமெல்லாம் அவன் கண்ணும் போனது. வாசல் தாண்டியதும் அவனுக்குக் குரல் வந்தது.

"எங்கேடீ போறே? சொல்லிட்டுப் போ!"

"தொடப் போறதா இருந்தாத்தான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு, பையைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தாள்.