கேபிள் திருடனைப் பிடித்தவர்

அபிராமத்துக்கும் சிக்கல் ஊருக்கும் இடையில் எங்கள் ஊர்க் காட்டை வளைத்து ஒரு கம்பெனி சோலார் தகடுகளைப் பதித்தது. அங்கே கேட்டில் நான் ஷிப்ட் இன்சார்ஜாக இருந்தேன். எனக்குக் கீழே வேலை பார்க்க ஒரு காலையில் ஓர் ஆளை அனுப்பினார்கள். வந்தவரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஊர் மேலத்தெருக்காரர். அவர் வயலில்தான் என் அப்பனும் ஆத்தாளும் ஆயுசு முழுக்க வேலை செய்தார்கள். அந்த வயலைக் கம்பெனிக்கு விற்றுவிட்டு, விற்ற வயலுக்கே காவல்காரராக வந்து நிற்கிறார் மனுசன். யூனிபார்ம் சட்டையில் வயிற்றுப் பக்கத்துப் பொத்தான்களைப் பூட்ட முடியவில்லை.

"ஏலே, நீ இங்கன என்ன பண்றே?" என்றார்.

"நான்தான் இன்சார்ஜ், அண்ணே."

ஊரில் அவரை எங்கள் ஆட்கள் 'மொதலாளி' என்போம். நான் 'அண்ணே' என்றதும், வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்து அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

அதன் பிறகு அவருக்கு ஒரு பெரிய சிக்கல். என்னை 'வாலே போலே' என்றால் மேனேஜர் திட்டுவார். 'வாங்க போங்க' என்று சொல்ல நாக்கு வராது. அதனால் கேட்டைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். "ஒரு டீ வந்தா நல்லாருக்கும்" என்று கேட்டிடம் சொல்வார். "நாளைக்கு ஒரு சோலி இருக்கு, லீவு வேணும்" என்று கம்பிகளிடம் கேட்பார். நானும் விடுவேனா? "அந்த அண்ணனுக்கு லீவு இல்லைன்னு சொல்லு" என்று அதே கம்பிகளிடம் சொல்லி அனுப்புவேன். நான் குடிக்கிற தண்ணீர் கேனைத் தொட மாட்டார். வீட்டிலிருந்து பெரிய பாட்டிலில் கொண்டுவந்து தனியாக வைத்துக்கொள்வார்.

எப்படிப் பழகினோம் என்று இப்போது சரியாக ஞாபகம் இல்லை. வெயில் பழக்கிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் அத்தனை தகடுகளுக்கு நடுவே இரண்டே ஆட்கள் நின்றால் எவ்வளவு நாளைக்குத்தான் கம்பியோடு பேச முடியும்? மயில் தகட்டின் மேல் ஏறி எச்சமிட்டால் அவர் தொப்பியை வீசி விரட்டுவார். தொப்பி தகட்டு மேல் போய் விழும். நான் ஏறி எடுத்துத் தருவேன். நான் வெளிநாட்டில் செக்யூரிட்டி வேலை பார்த்தவன். சட்டையில் ஒரு மடிப்பு கலைந்தாலும் பொறுக்காது. அவரோ விசிலைக் கழுத்தில் மாட்டச் சொன்னால் வேட்டி முடிச்சு மாதிரி இடுப்பில் செருகி வைப்பார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஆனாலும் அவர் ஒரு நாள் வராவிட்டால் பொழுது போகாது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்போது எங்கள் இருவருக்கும் ஏஜென்சி வேலைதான். எந்த நிமிஷமும் வராதே என்று சொல்லிவிடலாம். கேபிள் திருட்டு அதிகமானபோது, திருடனைப் பிடிக்கிற ஆளைக் கம்பெனியிலேயே நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாக மேனேஜர் சொன்னார். எனக்கு அதுதான் கனவு. நான் மறுபடி வெளிநாட்டுக்கு ஓட வேண்டியதில்லை. பெண்டாட்டி பிள்ளைகளோடு இருந்துவிடலாம்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரம். கடைசி வேலி ஓரத்தில் முகத்தில் துண்டு கட்டிய இரண்டு பேர் குழி தோண்டிக் கேபிளை அறுப்பதைப் பார்த்துவிட்டேன். வாக்கிடாக்கி வழக்கம்போல இரைந்ததே தவிர வேலை செய்யவில்லை. மொபெட்டை எடுத்தேன். "ஏறுங்கண்ணே" என்றேன். அவர் பின்னால் உட்கார்ந்ததும் வண்டியின் முன் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பிவிட்டது. "விடு விடு" என்று என் முதுகில் தட்டுகிறார். எதை விட? மணலில் சக்கரம் சுற்றுகிறது, வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது. இதில் அந்தப் புண்ணியவான் இடுப்பிலிருந்து விசிலை உருவி ஊதினார் பாருங்கள்! ஏர்வாடிக்கே கேட்டிருக்கும். திருடர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு ஓட்டம் எடுத்தார்கள்.

"அவங்களுக்கு எதுக்குண்ணே சொல்லி அனுப்புறீங்க?" என்று கத்திக்கொண்டே வண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

ஒருவன் வேலி தாண்டிப் போய்விட்டான். மற்றவன் கேபிள் சுருளைத் தோளிலிருந்து இறக்க மனசில்லாமல் அதோடு ஓடினான். நான் தகடுகளுக்கு அடியில் குனிந்து புகுந்து, மண்டையில் இரும்பு இடிக்க இடிக்கக் குறுக்கே போய் அவன் மேல் பாய்ந்தேன். இரண்டு பேரும் உருண்டோம். என் முட்டி தோல் உரிந்து, தோள்பட்டை தூணில் மோதியது. அவன் கழுத்தைப் பிடித்து மண்ணோடு அமுக்கினேன். துண்டு அவிழ்ந்தது.

"ஏலே, யாரு மேல கைய வக்கிறே? எடுலே கைய" என்றான்.

ஓடும்போது இல்லாத தைரியம், என் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு வந்துவிட்டது! நான் எடுக்கவில்லை. இன்னும் அமுக்கினேன்.

மூச்சு வாங்க வந்து சேர்ந்த அண்ணன் அவன் முகத்தைப் பார்த்தார். வாயிலிருந்த விசில் கீழே விழுந்தது. திருடன் அவருடைய பங்காளி மகன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "தண்ணி குடுப்பா" என்று கேட்டு, என் பாட்டிலை வாங்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

தப்பி ஓடியவன் போய்ச் சொல்லியிருப்பான். ஆபீசில் மேனேஜர் போலீசுக்குப் போன் போடுவதற்குள் ஊர் வந்துவிட்டது. இரண்டு வேன் நிறைய மேலத்தெரு ஆட்கள். கேபிளைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. திருட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒரே கேள்விதான்.

"எங்க பய கழுத்துல கைய வச்சவன் எவன்?"

மேனேஜர் வெளியூர்க்காரர். அவருக்கு என்ன புரியும்? "யெஸ், யார் பிடிச்சது?" என்று சந்தோஷமாக எங்களைப் பார்த்துக் கேட்டார். என் வீடும் அதே ஊரில்தான் இருக்கிறது. என் பெண்டாட்டி அவர்கள் தெரு வழியாகத்தான் ரேஷனுக்குப் போக வேண்டும். ஆனால் நிரந்தர வேலையும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. நான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் அண்ணன் முன்னால் வந்தார்.

"நான்தான் புடிச்சேன். என்னாங்கிறீக? நம்ம வீட்டுப் பய களவாண்டா நான் அமுக்காம வேற எவன் அமுக்குவான்?"

கூட்டம் சட்டென்று இளகிவிட்டது. "இந்த உடம்ப வச்சுக்கிட்டா ஓடுனே, மாப்ளே?" என்று ஒரு பெரியவர் சிரித்தார். திருட்டுப் பயல் என்னைப் பார்த்தான். நான் பிடித்தேன் என்று சொல்ல அவனுக்கு மானம் விடுமா? "ஆமா, சித்தப்பாதான் அமுக்குனாரு" என்றான். அவர்கள் வீட்டுச் சண்டையாகிப் போனது. ஊரில் வைத்துப் பேசிக்கொள்கிறோம் என்று அவனைக் கூட்டிப் போனார்கள். கேபிள் கிடைத்ததே போதும் என்று மேனேஜரும் விட்டுவிட்டார்.

எல்லோரும் போன பிறகு நான் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டேன். "உசுரக் காப்பாத்திட்டீங்கண்ணே" என்றேன். மனசார அழுதேன். அது பொய்யில்லை.

சுதந்திர தினத்துக்குக் கொடியேற்றி முடித்ததும் மேனேஜர் அண்ணனுக்குப் பொன்னாடை போர்த்தினார். கையில் ஓர் உத்தரவையும் கொடுத்தார். நிரந்தர வேலை, அதுவும் சூப்பர்வைசராக. எனக்கு மேலே. ஊர்ப் பெரியவர்கள் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். "கூட இருந்து பார்த்தவர் நீங்கள்தானே, நாலு வார்த்தை பேசுங்கள்" என்று மேனேஜர் மைக்கை என் கையில் திணித்தார்.

என்ன செய்ய? பேசினேன். அண்ணன் எப்படித் தகடுகளுக்கு அடியில் குனிந்து புகுந்தார், மண்டை இடிபட எப்படிக் குறுக்கே போனார், எப்படிப் பாய்ந்தார், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். விசில் ஊதியதை மட்டும் என் கணக்கில் போட்டுக்கொண்டேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது, கைதட்டியது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அன்றைக்கு அவருக்குக் கூச்சம் இருந்தது. அதை நான் பார்த்தேன்.

என் முட்டிக் காயத்துக்கு மருந்து போட்டவள் என் பெண்டாட்டி, அவளுக்கு எல்லாம் தெரியும். அன்று வீட்டுக்குள் நுழைந்ததும், "கைதட்டிட்டு வந்தீகளாக்கும்?" என்றாள். சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

போன மாதம் ஒரு புது ஆள் வேலைக்குச் சேர்ந்தான். சூப்பர்வைசர் அறையில் பேனுக்குக் கீழே உட்கார்ந்து அண்ணன் அவனுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். "பாஞ்சேன் பாரு, ரெண்டு பேரும் உருண்டோம். தோள்பட்ட தூணுல அடிச்சுது. இன்னும் மழைக்கு வலிக்கும்" என்று தோளைத் தடவிக் காட்டினார். "இந்தா நிக்கிறானே, இவன் விசில ஊதிக் காரியத்தையே கெடுத்தான். கேளு." நான் ஆமாம் என்றேன். புது ஆள் சிரித்தான்.

அவன் போனதும் எனக்குப் பொறுக்கவில்லை. கதவைச் சாத்தினேன்.

"அண்ணே, இங்கன நம்ம ரெண்டு பேருதான். அன்னைக்கு யாருண்ணே புடிச்சது?"

சும்மா நடிக்கிறார் என்றால் செருப்பைக் கழற்றியிருப்பேன். அவர் நடிக்கவில்லை. என்னை நிஜமாகவே புரியாமல் பார்த்தார். பிறகு முகம் சுண்டிப்போயிற்று.

"என்னப்பா இப்புடிக் கேக்குறே? நான் மட்டும் அன்னைக்கு அவனப் புடிக்கலைன்னா, நீ இன்னைக்கு உசுரோட இருப்பியா?"

சாத்திய கதவை நானே திறந்துகொண்டு வெளியே வந்தேன். அந்த மனுசன் சொன்னதில் பாதி உண்மை. எனக்கு வயிறு எரிவதே அதனால்தான்.