ஆய்வாளர் கூடையை உதைத்தார்

தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்கும் பெண்களைப் பற்றி எம்.ஃபில். ஆய்வு செய்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம். பட்டம் கைக்கு வந்தால் மேடவாக்கம் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை. வராவிட்டால் திருநீர்மலையில் கல்யாணம் என்று வீட்டில் ஜாதகத்தோடு தயாராக இருந்தார்கள். மாப்பிள்ளையை நான் பார்த்திருந்தேன். அதனால் மாய்ந்து மாய்ந்து எழுதினேன்.

என் நெறியாளருக்குச் சேலையூரில் வீடு. லுங்கியும் பனியனுமாக உட்கார்ந்துதான் என் அத்தியாயங்களைத் திருத்துவார். ஆனால் நடை மட்டும் பட்டு வேட்டி கட்டியிருக்க வேண்டும்.

"ஆய்வேட்டுல 'நான்' வரவே கூடாதும்மா. 'ஆய்வாளர்'னு போடு."

போட்டேன். நான் பஸ் ஏறினால் ஆய்வாளர் பேருந்தில் சென்றார். வெயிலில் எனக்குத் தலை சுற்றினால் ஆய்வாளருக்கு மயக்கம் ஏற்பட்டது. பிறமொழிச் சொல்லும் ஆகாது. மீன்காரர் வாயிலிருந்து வந்தாலும் ஆகாது.

ஒரு மீன்கார அக்கா என்னிடம் கொட்டித் தீர்த்தார்: "இன்ஸ்பெட்டரு வந்தா கூடைய எட்டி ஒதைக்கிறாரு கண்ணு. நல்ல வஞ்சிரமா பாத்துத் தூக்கினு பூடறாரு. இன்னா பண்ணச் சொல்ற? பேஜாரா கீது."

நெறியாளர் அதைச் சிவப்பு மையில் குளிப்பாட்டி அனுப்பினார்: "ஆய்வாளர் வந்தால் கூடையை உதைக்கிறார். சிறந்த வஞ்சிர மீன்களை எடுத்துச் செல்கிறார். என் செய்வது? மிகுந்த இன்னலாக உள்ளது."

அடுத்த வரி என்னுடையது: "இதனை ஆய்வாளர் நேரில் உறுதிசெய்துள்ளார்."

முன்னால் 'காவல்' என்று ஒரு சொல்லைச் சேர்க்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. டைப் அடித்து, பைண்டு செய்து, அட்டையில் பொன்னெழுத்தும் பொறித்தாயிற்று.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் அந்தப் பக்கத்தை உரக்கப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, நீ ஆராய்ச்சிக்குப் போனியா, ரெய்டுக்குப் போனியா?"

அறையே சிரித்தது. நெறியாளர் மின்விசிறியைப் பார்த்தார்.

"ஐயா, அந்த ஆய்வாளர் வேற, இந்த ஆய்வாளர் வேற" என்று தொடங்கினேன்.

"இதுல வஞ்சிரம் தின்ன ஆய்வாளர் யாரு?"

மறுபடி சிரிப்பு. வேலை கைநழுவிப் போவது தெரிந்தது. திருநீர்மலை கண்ணில் நிழலாடியது. பயம் போய் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அது போலீஸ் இன்ஸ்பெக்டர், சார். நான் ஒரு மீனக்கூடத் தொடல. நான் அந்த அக்கா பக்கத்துல ஈரத்தரையில உட்கார்ந்து கேட்டேன். அந்த ஆள் கூடைய ஒதைச்சத நான் கண்ணால பார்த்தேன். செதறின மீன நான்தான் கூடப் பொறுக்கிக் கொடுத்தேன். அவங்க அழுதாங்க."

சிரிப்பு நின்றது. பேராசிரியர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இத ஏம்மா எழுதல?" என்று மட்டும் கேட்டுவிட்டு, தேறியதாகக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பின்னாலேயே நெறியாளர் வந்தார். வாழ்த்தப் போகிறார் என்று நின்றேன்.

"பட்டம் கெடைச்சிடுச்சு, சந்தோஷம்" என்றார். "ஆனா உள்ள எத்தனை 'நான்' போட்டே, எண்ணிப் பாத்தியா?"