சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று மடங்கு

உங்கள் மரத்து எலுமிச்சையை அடிமாட்டு விலைக்கு வாங்கி, அதே பழத்தை அடுத்த வீட்டில் மூன்று மடங்குக்கு விற்பவனை என்ன பெயர் சொல்லி அழைப்பீர்கள்? அந்தப் பெயர் வாய்க்குள்ளேயே இருக்கட்டும். பிறகு தேவைப்படும்.

சில்லறை என்பது அவருக்குப் பயணிகள் வைத்த பெயர். பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்த பணத்தில் மொட்டைமாடி முழுக்க சோலார் பலகைகளைப் பரப்பினார். பகல் வெயிலை விற்றே கால்மேல் கால் போட்டு வாழலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். முதல் பில் வந்ததும் காலைக் கீழே இறக்கினார். அவர் கொடுத்த கரண்டுக்கு மின்சார அலுவலகம் தந்த விலை, ராத்திரி அவரே வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கு.

"சூரியனுக்கே அரை டிக்கெட் கிழிச்சிட்டானுங்க" என்றாள் மனைவி. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மதில் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த தையல்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. கரண்டு பில் தைத்த கூலியைத் தின்றுகொண்டிருந்தது. மிஷினை விற்றுவிட்டுத் துணிக் கம்பெனிக்குப் போகப்போவதாகச் சொன்னாள். சில்லறைக்குப் பொறுக்கவில்லை. தன் மாடியிலிருந்து இறங்கும் கரண்டுதானே கம்பம் சுற்றி மூன்று மடங்கு விலையில் அவள் வீட்டுக்குப் போகிறது? சுவர்மேல் ஒரு ஒயரைப் போட்டுவிட்டார்.

வாரம் முடியுமுன் அதிகாரி வந்து நின்றார். ஒயரைக் கழற்றாவிட்டால் இரண்டு வீட்டு இணைப்பும் போய்விடும் என்றார். கம்பம், கம்பி, ஆள் என்று அலுவலகத்துக்கு ஆகும் செலவையும் விளக்கினார். செலவு உண்டுதான், யார் இல்லை என்றது? ஆனால் ஒரு சுவரைத் தாண்டுவதற்கு மூன்று மடங்கா?

"கரண்டு சுவர் தாண்டக் கூடாது, அவ்வளவுதானே சார்?" என்று கேட்டார் சில்லறை.

"அவ்வளவுதான்."

"ஆள் தாண்டலாமில்ல?"

அதிகாரிக்குப் புரியவில்லை. மனைவிக்குப் புரிந்துவிட்டது. கூடத்தில் கிடந்த சில்லறையின் சாய்வு நாற்காலியை அவளே ஓரமாக இழுத்துப் போட்டாள்.

மறுநாள் தையல் மிஷின் அந்த இடத்துக்கு வந்தது. வெயில் ஏறினால் தையல்காரி வந்து தைப்பாள், இறங்கினால் வீட்டுக்குப் போவாள். மிஷினை விற்கும் பேச்சு நின்றுபோனது. சில்லறையின் மத்தியானத் தூக்கமும் நின்றுபோனது.

"அண்ணே, சத்தம் தொந்தரவா இருக்கா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"நீ தைம்மா. நான் தூங்கணும்னு மிஷினை நிறுத்தினா, அந்தக் கரண்டு பாதி விலைக்குக்கூடப் போகாது."

சரி, எல்லார் வீட்டுக் கூடத்திலும் அடுத்த வீட்டு மிஷினுக்கு இடம் இருக்கிறதா? கட்டணத்தை மாற்றும்போது, பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று பத்திரிகையின் மூலையில் பொடி எழுத்தில் ஓர் அறிவிப்பு வரும். அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். கொடுக்கும் விலையும் வாங்கும் விலையும் ஏன் இவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று கேளுங்கள். மழுப்பினால், வாய்க்குள் வைத்திருக்கிறீர்களே ஒரு பெயர், அதை மைக்கில் சொல்லுங்கள்.