மூன்றாவது ஜோடிச் செருப்பு

கல்குட்டைத் தண்ணீருக்குப் பாசியும் துருப்பிடித்த இரும்பும் கலந்த ஒரு வாடை உண்டு; நான் பள்ளிச் சிறுமியாக இருந்த அந்த மே மாதம் முழுக்க அப்பாவின் காக்கிச் சட்டையை எத்தனை முறை அலசிப் போட்டாலும் அந்த வாடை போகவில்லை, அல்லது போய்விட்டது என்று அம்மா சொன்னதை நான் நம்பவில்லை. எதையும் சட்டென்று நம்பாத பிறவி நான். இன்று காப்பீட்டு அலுவலகத்தில் பிறர் சொல்லும் விபத்துக் கதைகளைச் சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்குகிறேன்.

அப்பா தாம்பரம் பக்கத்தில் தீயணைப்பு வீரர். பெயர்தான் தீ, கோடை விடுமுறையில் அவரை அதிகம் அலைக்கழித்தது தண்ணீர். குன்றத்தூர்ப் பக்கத்தில் கல் உடைத்துக் கைவிட்ட குட்டைகளில் பையன்கள் குளிக்கப் போவார்கள். மேலே வராதவர்களைத் தேடி அப்பாவும் அவர் ஆட்களும் 'பாதாளக் கொலுசு' என்னும் கொக்கிக் கொத்தைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். அந்த மே மாதம் அப்படி இரண்டு மாணவர்களின் உடல்களை எடுத்தார்கள். கரையில் கிடந்ததோ மூன்று ஜோடிச் செருப்பு. வெளிச்சம் இருந்த மட்டும் துழாவினார்கள், அக்கம்பக்கம் விசாரித்தார்கள். பிள்ளையைக் காணோம் என்று எந்த வீட்டிலிருந்தும் யாரும் வரவில்லை. "தண்ணி யாரையும் வச்சிக்காது, மூணாம் நாள் மேல தள்ளிடும்" என்றார்கள் பழைய ஆட்கள். மூன்றாம் நாளும் கழிந்தது, ஒன்றும் மிதக்கவில்லை. அப்பா மட்டும் சமாதானமாகவில்லை. கேட்பாரில்லாமல் கிடந்த அந்த நீலவார்ச் செருப்பைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்து கட்டிலுக்கடியில் வைத்தார்.

அதன்பிறகு வாசலில் செருப்பு கிடந்தாலே அவருக்குத் தாங்காது. அம்மா பள்ளிக்கூட டீச்சர். வீட்டில் ட்யூஷனும் எடுப்பாள். பிள்ளைகள் கழற்றிவிட்ட செருப்புகளின் எதிரே நின்று, "இது யாருது? இது யாருது?" என்று ஒவ்வொன்றுக்கும் ஆளைக் காட்டச் சொல்வார். தூக்கம் போனது, சோறு இறங்கவில்லை. லீவு நாளில் சொல்லாமல் கிளம்பிப் போய்ச் சேற்றுக் காலோடு திரும்புவார். அம்மா முதலில் குடி என்று சந்தேகப்பட்டாள், பிறகு பெண் என்று சந்தேகப்பட்டாள், கடைசியில் குட்டைக் கரைக்குத்தான் போகிறார் என்று தெரிந்ததும் முன்னைவிட அதிகமாகப் பயந்தாள். "வெளிய தெரிஞ்சா மெண்டல்னு முத்திரை குத்தி மூலையில உக்கார வச்சிடுவாங்க" என்று என் வாயையும் பூட்டினாள்.

இந்த நேரத்தில்தான் செல்வம் சித்தப்பா வந்து சேர்ந்தார். சொந்தமில்லை, அப்பாவுடன் ஒரே ஷிப்டில் வேலை, வீடு வண்டலூரில். அதுவரை எங்கள் தெருப்பக்கம் எட்டிப் பார்க்காதவர் லீவு நாள் தவறாமல் பஜ்ஜிப் பொட்டலத்தோடு வந்து, "சும்மாதான் அண்ணி வந்தேன்" என்றார். "சும்மா வர்றவன் எவன் இருக்கான்? நோட்டம் விட்டுட்டு ஸ்டேஷன்ல ஆபீசர்கிட்ட போய்ப் பத்த வச்சிடுவான்" என்றாள் அம்மா. திரைக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்கும் வேலை எனக்கு. கேட்பதற்குத்தான் ஒன்றுமில்லை. அப்பா வாய் திறக்கமாட்டார்; சித்தப்பாதான் எப்போதாவது, "சிலிண்டர் வெடிச்ச வூட்டுக்குப் போனதுலேர்ந்து, கேஸ் வாசன வந்தா நான் வெளிய ஓடிடறேண்ணா" என்பார். இதை அம்மாவிடம் சொன்னேன். "போட்டு வாங்குறான்டி" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. பிறகு இருவரும் சேர்ந்தே குட்டைக்குப் போகத் தொடங்கினார்கள்.

பள்ளி திறப்பதற்குச் சற்று முன்பு, ஒரு மத்தியானம், சித்தப்பா ஒரு பையனை அழைத்துக்கொண்டு வந்து நின்றார். பையன் தலை நிமிரவில்லை. "நாந்தான் சார் மூணாவது. அவனுங்க முழுகினதப் பாத்து பயந்து வெறுங்காலோட ஓடிட்டேன். வூட்லகூட சொல்லல." அப்பா அவன் முகத்தையே வெகுநேரம் பார்த்தார், தோளைத் தொட்டுப் பார்த்தார், பிறகு கட்டிலுக்கடியிலிருந்து பொட்டலத்தை எடுத்து நீட்டினார். பையன் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான். நான் அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். குதிகால் செருப்பின் பின்விளிம்பைத் தொடவே இல்லை, நடக்க நடக்க டப்டப்பென்று அடித்தது. சித்தப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவோ அழுதுகொண்டே அவருக்கு முதல்முறையாகக் காபி போட்டுக் கொடுத்தாள். அவள் அழுவதைப் பார்த்த பிறகு அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்று படுத்த அப்பா விடிந்து வெயில் ஏறும்வரை அசையாமல் தூங்கினார்.

இன்று அந்தக் குட்டை இல்லை. மண்ணைக் கொட்டி மூடி அடுக்குமாடி கட்டிவிட்டார்கள், பால்கனிகளில் துணி காய்கிறது. இப்போதெல்லாம் தீயணைப்பு நிலையத்துக்கே மனநலம் பற்றிப் பேச ஆட்கள் வருகிறார்களாம், "மனம்விட்டுப் பேசுங்கள்" என்று சுவரில் ஒட்டியிருக்கிறதாம். சொல்வது எங்கே போய்ச் சேருமோ என்று பயந்து வாயை மூடிக்கொள்பவர்கள் இன்றும் உண்டு என்கிறார் அப்பா, அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவரும் சித்தப்பாவும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். சித்தப்பா இன்னமும் பஜ்ஜியோடு வருகிறார்.

போன மாதம் அவர் வந்து போனதும், இத்தனை வருடம் அடக்கி வைத்திருந்ததை அப்பாவிடம் கேட்டேவிட்டேன்: அந்தச் செருப்பு அந்தப் பையனுடையதுதானா?

அப்பா சிரித்தார். "காலு அம்மாஞ் சின்னதா கீது, எனக்குத் தெரியாதா? எவன் பெத்த புள்ளையோ. எனக்கோசரம் ஒருத்தன் ஊரெல்லாம் அலைஞ்சி, பொய் சொல்ல ஆள் புடிச்சிகினு வந்து நிக்கறான். அதுக்கப்புறமும் நான் தூங்கலன்னா எப்டி?"

"சித்தப்பாவுக்கு இது தெரியுமா?"

அவர் சிரிப்பு நின்றது. வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"சொல்லிடாதம்மா. நான் நம்பிட்டேன்னு நெனச்சிதான் அவன் தூங்கறான்."