வெளிநாட்டு மாணவர் பிரிவின் எழிலரசி மேடம்

பாலக்கோடு ரோட்டில் இருக்கும் எங்கள் இன்ஜினியரிங் காலேஜில் எழிலரசி மேடம் இங்கிலீஷ் நடத்துகிறார். இங்கிலீஷ் பேசத் தெரிந்த பாவத்துக்கு வெளிநாட்டு மாணவர் பிரிவையும் அவர் தலையில் கட்டிவிட்டார்கள். ஆறு வருஷமாக விசா புதுப்பிக்க அலைவதும், சாம்பார் இறங்காத பிள்ளைக்கு மெஸ்ஸில் முட்டை சொல்வதும், பொங்கலுக்கு ஹாஸ்டலைப் பூட்டினால் தன் வீட்டில் பாய் விரிப்பதும் அவர்தான்.

இதுவரை வந்தவர்கள் பதினொரு பேர். நிலைத்தவர்கள் மூன்று பேர். ‘பெங்களூர் பக்கம்’ என்று விளம்பரம் போடுவது நிர்வாகம், வந்து இறங்கி, “பெங்களூர் எங்கே மேடம்?” என்று கேட்கிற பிள்ளைக்குப் பதில் சொல்வது மேடம். எனக்கே பற்றிக்கொண்டு வரும். அவருக்குக் கோபப்படவும் தெம்பில்லை.

இந்த ஜூனில் பிரின்சிபால் கூப்பிட்டுச் சொன்னார். “ஒருத்தராச்சும் சேரலன்னா பிரிவ மூடிருவாங்க மேடம். பாத்துக்குங்க.”

மேடம் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து என்னிடம் சொன்னார்: “மூடட்டுங்க சந்திரன் சார். க்ளாஸ் எடுத்தமா, வூட்டுக்குப் போனமான்னு இருந்தாப் போதுங்க.”

விசாரித்திருந்தது ஒரே ஒரு பெண், தான்சானியாவிலிருந்து. அவளுடைய அம்மாவிடம் வீடியோ காலில் பேச மேடம் பராகாவை உட்கார வைத்தார். அந்த நாட்டுப் பையன், நிலைத்த மூன்று பேரில் ஒருவன். படிப்பு முடிந்து ஊருக்கு டிக்கெட் போட்டிருந்தான். “இருக்கறத அப்படியே சொல்லுடா. எதையும் மறைக்காத” என்றார். உள்ளதைச் சொன்னால் யார் வருவார்கள் என்ற தைரியம்தான்.

அவன் தங்கள் பாஷையில் முக்கால் மணி நேரம் பேசினான். அந்த அம்மா முகம் சுளித்தார். தலையில் கை வைத்தார். பிறகு என்னவோ கேட்டார். கடைசியில் மேடத்தைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துத் தலையாட்டினார்.

“என்னடா சொன்ன?”

இங்கே கற்ற தமிழில் அவன் சொன்னான். “எல்லாம் சொன்னேன் மேடம். பெங்களூர் தூரம், வெயில், மெஸ், முதல் வருஷம் தனியா அழுதது. எனக்கு டெங்கு வந்தப்போ அஞ்சு நாள் நீங்க ஆஸ்பத்திரியில கூடவே இருந்தது. அதுவும் உண்மைதானே?”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“அந்த மேடம் இருந்தாப் போதும், பொண்ண அனுப்பறேன்னாங்க.”

பராகா சிரித்துக்கொண்டே நின்றான். அவனைத் தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டு மேடம் நாற்காலியில் சாய்ந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“விளம்பரத்த நம்பி வந்ததுங்க போனப்ப, போகட்டும்னு வுட்டுட்டேன் சார். இவ என்னை நம்பி வர்றா. இனி எப்படிங்க வுடறது?”