மில் ஓடினால் சிவப்பு, நின்றால் வெள்ளை

என் வெல்டிங் மெசினில் கரண்டைக் கூட்டிக் குறைக்கிற கைப்பிடியின் இலக்கங்கள் நான் வாங்கும்போதே அழிந்திருந்தன. அதனால் நானே பெயின்டால் இரண்டு கோடு போட்டேன். பக்கத்து நெல்லு மில் ஓடும்போது சிவப்பு, நின்றிருக்கும்போது வெள்ளை. மில் ஓடினால் தெருக் கரண்ட் முழுதையும் அதுவே குடித்துவிடும். மெசினைக் கூட்டி வைத்தால்தான் வெல்டிங் குச்சி தகட்டில் ஒட்டிப்பிடிக்காமல் எரியும். மில் நின்ற பிறகும் சிவப்பிலேயே கிடந்தால் தகடு ஓட்டை. எண்பதுகளின் தொடக்கத்தில், கல்முனையில், என் தொழிலறிவு இவ்வளவுதான்.

மில் என் மச்சானுடையது, மனைவி காக்கா என்று கூப்பிடுகிற அவளுடைய அண்ணன். பட்டறை இருந்த வளவு மனைவியின் சீதனம். எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். ஆண் போய் ஒட்டிக்கொள்வான். அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் எனக்குப் பிறந்த இரண்டும் பெண்பிள்ளைகள். இரண்டு வீடு கட்ட வேண்டும். இரும்புக் கேட்டும் சைக்கிள் கெரியரும் ஒட்டி இரண்டு வீடு எழும்பாது. சவூதிக்கு வேலைக்குப் போகிற நினைப்பு வந்த நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோறு தின்னும்போதே எழும்பிச் செருப்பைத் தேடுவேன்.

சவூதிக்கு ஆள் அனுப்புகிற கொழும்பு ஏஜென்சிக் கந்தோரிலிருந்து ஒருவர், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் வேலையைப் பார்க்க வந்தார். மெல்லிய தகடுகள் இரண்டை நீட்டினார்.

"இத ஒரே இழுப்பில ஒட்டுங்க. எத்தின அம்பியர் வெச்சிரிக்கீங்க?"

"சிவப்பு," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.

மில் ஓடிக்கொண்டிருந்தது. நடுப்பகல் லுஹர் தொழுகை வரைக்கும் நிற்காது. முகமூடியை இறக்கிக்கொண்டு தொடங்கினேன். பாதித் தூரம் நெளிவில்லாமல் போனது. திடீரென்று மில்லின் பெல்ட் சத்தம் அடங்கியது. குச்சி சீறியது. உடனே கையை எடுத்திருக்க வேண்டும். எடுத்தால் ஒட்டு அறுந்தது தெரியுமே என்று விறுவிறென்று இழுத்தேன். பொறுமை என்னோடு கூடப் பிறக்கவில்லை. தகட்டில் விரல் போகிற அளவுக்கு ஓட்டை.

மில் நின்ற கதையைச் சொன்னேன்.

"அங்க மில்லப் பாத்து ஒட்ட ஏலா தம்பி," என்று சொல்லிவிட்டு அவர் பைலை மூடினார். அத்தோடு சவூதி முடிந்தது.

மச்சானை ஒரு பிடி பிடிக்க வேண்டும் என்று மில்லுக்குப் புறப்பட்டேன். வேலியடியில் மனைவி நின்றாள், வந்தவருக்கு ஊற்றிய பிளேன்டீயோடு. நான் போகப்போகிறேன் என்று ஒரு கிழமையாக அழுதுகொண்டிருந்தவள், அன்றைக்குச் சிரித்தாள்.

"கரண்ட் நல்லா வந்திச்சா? மில் ஓடினா கரண்ட் காணா எண்டு எப்பவும் ஏசுவீங்களே. காக்காக்கிட்டக் கெஞ்சி அரை மணித்தியாலம் நிப்பாட்டச் சொன்னன்."

ஏச்சு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவளைப் பார்த்தேன். என் மேல் இவ்வளவு அக்கறை வைத்தவளை என்ன சொல்லி ஏசுவது?

"ஓம், நல்லா வந்திச்சு," என்றேன். "என்ட கைதான் பிழைச்சிட்டு."

அவள் முகம் வாடியது. பிளேன்டீயை என் கையில் தந்தாள்.

"கவலப்படாதீங்க. அடுத்த முறையும் நான் காக்காக்கிட்டச் சொல்லி மில்ல நிப்பாட்டுறன், இன்ஷா அல்லாஹ்."

நான் ஓம் என்றேன்.